கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஒரு முழு நாள்

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கே ஒரு மணி நேரம்கூட இருப்பதில்லை. கும்பகோணத்தில் ரூம் போட்டுக்கொண்டு தாராசுரம், சுவாமிமலை, நவக்கிரகக் கோயில்கள் என்று சுற்றுகிற வேன்களுக்கு இது ஒரு இடைநிறுத்தம். கோயிலை ஒரு சுற்று வந்து, நந்தி முன்னால் படம் எடுத்துக்கொண்டு, வெளியே இளநீர் குடித்துவிட்டு ஏறிவிடுவார்கள். எனக்கு அது ரொம்ப நாளாக மனசுக்கு ஒப்பாத விஷயம். இது வெறும் கோயில் இல்லை. 1025 வாக்கில் முதலாம் ராஜேந்திரன் தஞ்சாவூரிலிருந்து தலைநகரை இங்கே மாற்றினான். 1279-ல் மூன்றாம் ராஜேந்திரனோடு சோழர் ஆட்சி முடியும்வரை, சுமார் 250 ஆண்டுகள், இதுதான் தலைநகரம். அத்தனை காலம் ஒரு ஊர் இங்கே சமைத்து, சாப்பிட்டு, வரி கட்டி, வழக்காடி வாழ்ந்திருக்கிறது. அந்த ஊரைப் பார்க்காமல் கோயிலை மட்டும் பார்த்துவிட்டு வருவது எப்படிச் சரியாகும்?

பொங்கல் விடுமுறைக்குக் கும்பகோணத்தில் அப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு முழு நாளை இதற்கென்றே ஒதுக்கினோம். அப்பா, அம்மா, நானும் கணவரும், ஆறாவது படிக்கிற மகள், இரண்டாவது படிக்கிற மகன். அப்பா பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். மதகு, வாய்க்கால், கரை உடைப்பு என்று டெல்டா முழுக்க அலைந்த ஆள். நாங்கள் கோயிலில் தொடங்கலாம் என்று நினைத்திருந்தோம். அவர் விடவில்லை.

"ஒரு ஊரைப் பாக்கணும்னா, அது எங்க தண்ணி குடிச்சுதுன்னு முதல்ல பாக்கணும். ஏரிக்குப் போ, மாப்ளைகிட்ட சொல்லு" என்றார்.

மாப்பிள்ளை பக்கத்தில்தான் வண்டிச் சாவியோடு நின்றுகொண்டிருந்தார். அவரிடம் நேராகச் சொல்லாமல் என் வழியாகச் சொல்வது அப்பாவின் மரியாதை.

அம்மா விடியற்காலையில் கிளறிய புளிசாதத்தையும் தயிர்சாதத்தையும் தூக்கில் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். திருப்பனந்தாள் தாண்டி அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடக்க வேண்டும். குறுகலான பழைய பாலம். இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்ததும் பிள்ளைகள் இறங்கணும் என்றார்கள். "திரும்பி வரும்போது" என்று அப்பா சொல்லிவிட்டார். கொள்ளிடத்தைத் தாண்டியதும் நிலம் மாறிவிடுகிறது. தென்கரையில் கண்ணுக்கெட்டிய தூரம் நெல். வடகரையில் கொஞ்ச தூரத்திலேயே மண் சிவக்கிறது, முந்திரித் தோப்புகள் வருகின்றன. சோறுடைத்த சோழநாட்டை விட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம், இந்த மேட்டு நிலத்தில் போய் ஏன் தலைநகரம் கட்ட வேண்டும்? வடக்கே விரிந்துகொண்டிருந்த அரசுக்கு இது வசதி என்கிறார்கள், டெல்டாவின் நல்ல வயலை ஒரு பெருநகரத்துக்காக அழிக்க மனம் வந்திருக்காது என்கிறார்கள். எனக்கு இரண்டாவது காரணம் பிடித்திருக்கிறது. எப்படியானாலும், இங்கே ஊர் கட்டுகிறவன் தண்ணீருக்கு வழி செய்யாமல் முதல் செங்கல்லை வைக்க முடியாது.

அந்த வழிதான் சோழகங்கம். இப்போது பொன்னேரி என்கிறார்கள். கோயிலுக்கு மேற்கே வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. 16 மைல் நீளக் கரை, பெரிய கலிங்குகள், கொள்ளிடத்திலிருந்து ஒரு கால்வாய், வெள்ளாற்றிலிருந்து ஒரு கால்வாய் என்று 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. கங்கை வரை போன படை கொண்டுவந்த நீரை ராஜேந்திரன் இதில் கலந்தான் என்பது திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லும் சேதி. ஊரெல்லாம் கல்லில் வெற்றித்தூண் நாட்டிய காலத்தில், நீரால் ஆன வெற்றித்தூண் என்று அந்தச் செப்பேடு இந்த ஏரியைப் பாடுகிறது.

நாங்கள் கரையில் ஏறி நின்றபோது முதலில் தெரிந்தது கருவேலமும் கோரையும்தான். அதற்கப்பால் தை மாதத்துத் தண்ணீர் கொஞ்சம். மகன் "ஏரி எங்க தாத்தா?" என்றான். அப்பா பதில் சொல்லாமல் கரையின் மேல் நடக்க ஆரம்பித்தார். நாங்களும் பின்னால் நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் நின்று, காலால் மண்ணைத் தட்டினார்.

"இந்தக் கரை இயற்கையா வந்த மேடு இல்ல, கண்ணு. ஒவ்வொரு கூடையும் தலையில சுமந்து வந்து கொட்டுனது. கொட்டி, தண்ணி தெளிச்சு, மிதிச்சு, மறுபடி கொட்டி. பதினாறு மைல். இப்ப நாம நடந்தது அரை மைல்கூட இருக்காது. கால் வலிக்குதா?"

"வலிக்குது."

"அதான் ஏரி."

நான் அதுவரை கோயிலின் விமானத்தைத்தான் ராஜேந்திரனின் பெரிய வேலை என்று நினைத்து வந்தேன். அந்தக் கரையில் நின்றபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. விமானம் கண்ணில் பட்டவுடன் பிரமிக்க வைக்கும். ஏரியை நடந்து பார்க்க வேண்டும், அதற்கு ஒரு வேளை ஒதுக்க வேண்டும். இந்த ஊருக்கு வருகிறவர்களுக்கு அந்த ஒரு வேளைதான் கிடைப்பதில்லை.

அங்கிருந்து மாளிகைமேடு. கோயிலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தென்மேற்கில், சோழர் அரண்மனை இருந்த இடம். போகிற வழியில் உட்கோட்டை. பக்கத்தில் ஆயுதகளம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி என்றெல்லாம் ஊர்கள். கணவர் வண்டியை மெதுவாக ஓட்ட, மகள் கைகாட்டிப் பலகைகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். இவையெல்லாம் ஒரு காலத்தில் ஒரே நகரத்தின் பகுதிகள் என்று சொன்னதும், "அப்போ நம்ம இப்ப ஊருக்கு உள்ளதான் இருக்கமா?" என்று கேட்டாள். ஆமாம். வயலும் வீடுமாகத் தெரிகிற இடமெல்லாம் ஊருக்கு உள்ளேதான்.

மாளிகைமேட்டில் மிச்சமிருப்பது செங்கல் அடித்தளம் மட்டும். 1980 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே தோண்டியது, 2021 முதல் மறுபடியும் அகழாய்வு நடந்தது. எதிர்பார்ப்போடு வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். முழங்கால் உயரச் சுவர்கள், தூண்கள் நின்ற கருங்கல் பீடங்கள், மேலே ஒரு கூரை. ஆனால் இரண்டு நிமிடம் பொறுமையாகக் குனிந்து பார்த்தால் போதும். சுவரின் இரண்டு முகங்களையும் செங்கல்லால் எழுப்பி, நடுவில் மணல் நிரப்பியிருக்கிறார்கள். அப்பாவை அங்கிருந்து நகர்த்தவே முடியவில்லை.

"மணல் போட்டா பாரத்தை வாங்கிக்கும், ஈரத்தையும் மேல ஏற விடாது. இப்பவும் பேஸ்மென்ட்ல நாங்க மணல்தானே நிரப்புறோம்" என்று கணவரிடம் முதல் தடவையாக நேராகவே பேசினார். பிறகு இருவரும் அந்தச் சுவரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள்.

கோயில் கல்லால் கட்டியது, நின்றது. அரண்மனை செங்கல்லும் மரமும், விழுந்தது. சாமிக்குக் கல், மனிதனுக்குச் செங்கல் என்பது அன்றைய வழக்கம். அரசனும் அதற்கு விதிவிலக்கில்லை. விழுந்த பிறகு பல நூறு ஆண்டுகள் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் செங்கல்லைத் தோண்டி எடுத்து வீடு கட்டிக்கொண்டார்கள். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. தலைநகரம் போன பிறகும் ஊரில் ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்கும் வீடு வேண்டும்.

அகழாய்வில் கிடைத்தவற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூரை ஓடுகள் ஏராளம். அவற்றைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள். கண்ணாடி வளையல் துண்டுகள். சீனப் பீங்கான் உடைசல்கள். கடைசியாகச் சொன்னதுதான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. சீனத்துக் கிண்ணம் ஒன்று கப்பலில் வங்கக் கடலைக் கடந்து, ஏதோ ஒரு சோழத் துறைமுகத்தில் இறங்கி, வண்டியேறி இந்தச் செம்மண் மேட்டுக்கு வந்து, அரண்மனைச் சமையல்கட்டிலோ தாழ்வாரத்திலோ யாரோ கைதவறிப் போட்டு உடைத்திருக்கிறார்கள். உடைத்தவர் யாரிடம் திட்டு வாங்கினாரோ. கடாரத்தின் மேல் 1025-ல் போன கப்பல்படையைப் பற்றி, கல்வெட்டுகளில் ராஜேந்திரனின் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி எவ்வளவோ சொல்கிறது. அந்தக் கடலோடு இந்த ஊருக்கு இருந்த அன்றாட உறவை எனக்கு அந்த உடைந்த பீங்கான்தான் நம்ப வைத்தது.

வேப்பமர நிழலில் சாப்பாடு. அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் மேட்டில் ஏறாமல் கீழேயே உட்கார்ந்து, ஆடு மேய்க்க வந்த ஒரு அம்மாளோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாளுக்கும் ஒரு உருண்டை தயிர்சாதமும் மாவடுவும் போனது. மழைக்காலத்தில் கொல்லையில் ஏர் ஓட்டினால் இன்னமும் ஓட்டுச் சில்லு வரும் என்று அவர் சொன்னாராம். "நாம மேட்டுல போய்ப் பாத்ததை இவங்க கொல்லையிலயே வச்சிருக்காங்க" என்றார் அம்மா.

மாலையில் நடை திறக்கிற நேரத்துக்குக் கோயிலுக்குப் போனோம். ஒரு முழு நாள் ஊரைச் சுற்றிவிட்டு விமானத்தைப் பார்ப்பதே வேறு. 1035 வாக்கில் கட்டி முடித்தது, சுமார் 180 அடி. தஞ்சாவூர் 216 அடி. அங்கே 13 நிலை, இங்கே 9. அப்பனை மிஞ்சக் கூடாது என்று மகன் அடக்கிக் கட்டினான் என்பார்கள். எனக்கு அந்தக் கணக்கே தேவையில்லாததாகப் படுகிறது. தஞ்சை விமானம் நேராக ஏறி நிற்கும். இது உள்வாங்கி வளைந்து ஏறுகிறது. எங்கே நின்று பார்த்தாலும் அந்த வளைவு கண்ணைக் கீழே இறங்க விடாது. இரண்டும் இரண்டு விதமான நினைப்பு. உயரத்தை வைத்து ஒப்பிட ஒன்றுமில்லை.

மகன் நேராகச் சிங்கக் கிணற்றுக்கு ஓடினான். சுதையில் செய்த பெரிய சிங்கம், அதன் உடம்புக்குள் வாசல், அதற்குள் கிணற்றுக்கு இறங்கும் படிகள். கங்கை நீரை இதிலும் ஊற்றினார்கள் என்பது ஊர்க்கதை. குழந்தைகளை இந்தக் கோயிலுக்கு அழைத்து வருகிறவர்கள் இந்தச் சிங்கத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதலில் காட்டிவிட்டால் வேறு எதையும் பார்க்க வரமாட்டார்கள்.

மகளை வடக்கு வாசல் படிக்கு அழைத்துப் போனேன். அங்கேதான் சண்டேச அனுக்கிரக மூர்த்தி இருக்கிறார். சிவன் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் உமை. கீழே கைகூப்பி உட்கார்ந்திருக்கும் சண்டேசரின் தலையில் சிவன் தன் இரண்டு கைகளாலும் கொன்றை மாலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். சுற்றி முடித்துவிடவில்லை. மாலையின் ஒரு சுற்று தலையில் படிந்திருக்கிறது, அடுத்த சுற்று இன்னும் விரல்களில் இருக்கிறது. அவசரம் இல்லாத விரல்கள். சண்டேசரின் தலை கொஞ்சம் சாய்ந்து அந்தக் கைகளுக்கு இடம் கொடுக்கிறது. பின்னல் போட்டுவிடும்போது பிள்ளைகள் தலையைச் சாய்த்துக் கொடுப்பார்களே, அதே சாய்வு.

கதையைச் சொன்னேன். சேய்ஞலூரில் விசாரசருமர் என்ற சிறுவன் மாடு மேய்த்தான். மணலில் லிங்கம் பிடித்து, பசுக்கள் தானாகச் சொரிந்த பாலை ஊற்றிப் பூசை செய்தான். பாலை வீணாக்குகிறான் என்று யாரோ கோள் சொல்ல, அவன் அப்பா வந்து பால் குடத்தை உதைத்தார். பையன் அந்தக் காலையே வெட்டினான். சிவன் வந்து, இனி நான் உனக்கு அப்பன் என்று தன் மாலையைச் சூட்டினார். சேய்ஞலூர் என்பது காலையில் நாங்கள் கடந்து வந்த திருப்பனந்தாள் பக்கத்துச் சேங்கனூர்தான்.

"அப்பா காலை வெட்டுனவனுக்கா மாலை?" என்றாள் மகள். கேட்க வேண்டிய கேள்விதான். பெரியபுராணம் அதற்குச் சொல்லும் பதிலைச் சொன்னேன், அவள் முழுக்க ஏற்றுக்கொள்ளவில்லை. சில அறிஞர்கள் இந்தச் சிற்பத்தில் ராஜேந்திரனையே பார்க்கிறார்கள், கங்கை வரை வென்று வந்தவனுக்குச் சிவனே முடிசூட்டுவது போல என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அப்படி மட்டும் பார்த்துவிட்டால் அந்த விரல்களின் பரிவு குறைந்துபோகும் என்று எனக்கு ஒரு பயம். எந்த அரசனையும் நினைக்காமல் பார்த்தாலும் முழுமையாக நிற்கிற வேலை அது. எதிர்ப்பக்கம் இருக்கும் சரஸ்வதியையும் விடாமல் பாருங்கள்.

உள்ளே 13 அடி லிங்கம். மண்டபத்தில் நவக்கிரகம் ஒரே கல்லில், நடுவில் தாமரை, கீழே ஏழு குதிரை பூட்டிய சூரியன் தேர். சாளுக்கிய வேலைப்பாடு, போரில் வென்று கொண்டுவந்தது என்கிறார்கள்.

வெளியே வந்து சுற்று மதிலைத் தேடினோம். தஞ்சையில் கோயிலைச் சுற்றி நீளமான திருச்சுற்று மாளிகை இருக்கிறதே, அது இங்கேயும் இருந்திருக்கிறது, இரண்டு தளமாக. இன்று வடக்குப் பக்கம் ஒரு துண்டு மட்டும் மிச்சம். கிழக்குக் கோபுரமும் அடித்தளத்தோடு சரி. மற்றதெல்லாம் எங்கே போயிற்று? பாண்டியர் படையெடுப்பைக் காரணம் காட்டிவிட்டு நகர்கிறவர்கள் பலர். ஆனால் இந்த மதிலின் கல் போன இடம் எழுத்தில் இருக்கிறது. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே, காலையில் நாங்கள் கடந்த அணைக்கரையில், ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கீழணை கட்டியபோது, இந்தக் கோயிலின் மதிலையும் சிற்பங்கள் பலவற்றையும் பிரித்து அணைக்குக் கொண்டுபோனார்கள். 1855-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று அதை வெளிப்படையாகச் சொல்கிறது: ஊர் ஏழைகள் தங்களால் முடிந்தமட்டும் தடுத்துப் பார்த்தார்கள், அதற்காக அவர்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. இடித்த கல் மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருவதாக அரசு வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கும் காப்பாற்றப்படவில்லை.

இதை நான் சொல்லி முடித்ததும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் அந்த அணையில் வேலை பார்த்தவர். அணைக்குக் கல் போனது அவருக்குத் தெரியும், ஊர்க்காரர்கள் தடுத்தது தெரியாது.

"அணை வேணும்தான். கல்லு வேற எங்கயாவது எடுத்திருக்கலாம்" என்றார்.

பொழுது சாய்வதற்குள் அணைக்கரைக்கு வந்துவிட்டோம். காலையில் சொன்ன சொல்படி இறங்கினோம். ஷட்டர்களுக்குக் கீழே தண்ணீர் நுரைத்து ஓடிக்கொண்டிருந்தது. மகள் அணையின் கல்லில் எங்காவது சிற்பம் தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தாள். பிற்காலத்தில் புதுப்பித்துப் பூசிவிட்டதால் வெளியே எதுவும் தெரியாது, உள்ளே இருக்கும் என்றார் அப்பா. பிறகு வடகரையில் பிரியும் வாய்க்காலைக் காட்டினார்.

"அது வடவாறு. இந்த அணை தண்ணியை ஏத்திக் கொடுக்கறதாலதான் அதுல போகுது. நேரா வீராணம் ஏரி. அதுவும் சோழன் வெட்டுனதுதான், முதலாம் பராந்தகன் காலத்துல. வீராணத்துலேர்ந்து 2004-லேர்ந்து குழாய்ல சென்னைக்குப் போகுது."

"எங்க சென்னைக்கா?"

"உங்க சென்னைக்குத்தான்."

நாங்கள் இருப்பது சென்னையில். ராஜேந்திரன் கோயிலின் மதில் கல் இங்கே கொள்ளிடத்தைத் தடுத்து நிறுத்த, அந்தத் தண்ணீர் அவன் எள்ளுப்பாட்டன் பராந்தகனின் ஏரிக்குப் போய், அங்கிருந்து இன்றைய தலைநகரின் குழாய்களுக்கு வருகிறது. இந்தத் தொடர்ச்சி எனக்கு ஆறுதலா, கோபமா என்று கேட்டால் இரண்டும்தான். தண்ணீர் வேண்டும் என்பதில் ராஜேந்திரனுக்கே மாற்றுக் கருத்து இருந்திருக்காது. ஆனால் கேட்காமல் எடுத்தது, தடுத்தவர்களைத் தண்டித்தது, கொடுத்த வாக்கை மறந்தது, இதையெல்லாம் தண்ணீரைக் காட்டி நியாயப்படுத்திவிட முடியாது.

2004-ல்தான் யுனெஸ்கோ இந்தக் கோயிலை உலக மரபுச் சின்னமாகத் தஞ்சைக் கோயிலோடு சேர்த்தது. புல்வெளி, பராமரிப்பு எல்லாம் நன்றாகவே இருக்கின்றன, குறை சொல்ல மாட்டேன். எனக்கு வேண்டியது இரண்டு பலகைகள். ஒன்று, கோயிலில் வடக்குத் திருச்சுற்றின் மிச்சத்துக்குப் பக்கத்தில்: மதில் எந்த ஆண்டு, எதற்காகப் பிரிக்கப்பட்டது, ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்று. இன்னொன்று அணைக்கரையில், வாகனங்கள் நிற்கிற பக்கம்: இந்தக் கற்கள் எங்கிருந்து வந்தன, இங்கிருந்து போகும் தண்ணீர் எங்கே போகிறது என்று. ராஜேந்திரன் பெயரோடு, தடுக்கப் போய்த் தண்டனை வாங்கிய அந்த ஊர் மக்களைப் பற்றியும் அதில் ஒரு வரி இருக்க வேண்டும்.